கோல்ஃப் கார்ட் இழுக்கலையா? பழைய எஞ்சினைத் தேற்றுவதா, வி-ட்வின் போடுவதா

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உள்ள பீச்ட்ரீ சிட்டியில் கோல்ஃப் கார்ட் வெறும் விளையாட்டுத்திடல் வண்டி இல்லை. 160 கிலோமீட்டருக்கு மேல் அதற்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள்; பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே அதை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இப்படி தினமும் ஓடும் 'கிளப் கார்' நிறுவனத்தின் பழைய பெட்ரோல் டிஎஸ் வண்டிகளில் வழக்கமாகக் கேட்கும் குறை ஒன்றுதான்: நாலு பேர் ஏறினால் மேட்டில் முக்குகிறது.

அதில் பெரும்பாலும் இருப்பது கவாசாகியின் 286 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், சுமார் 9 குதிரைத்திறன். அதை இறக்கிவிட்டுப் பலர் ஏற்றச் சொல்வது ஹோண்டா ஜிஎக்ஸ்690: 688 சிசி, வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்), 22 குதிரைத்திறன். எண்ணை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை.

நானாக இருந்தால் முதலில் சீட்டைத் தூக்கி, எஞ்சின் விசையைப் பின் கிளட்ச் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைத்தான் பார்ப்பேன். புது பெல்ட் பின் கிளட்ச்சின் விளிம்புக்குச் சமமாக உட்கார்ந்திருக்கும். தேய்ந்தது உள்ளே இறங்கிக் கிடக்கும், பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளக்கும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. அடுத்தது, சமதரையில் நிறுத்திக் கையால் தள்ளிப் பாருங்கள். தள்ளக் கனமாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு, பெடலை முழுக்க அழுத்தும்போது கார்புரேட்டர் முழுக்கத் திறக்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்திருக்கும். இதெல்லாம் சரியாக இருந்து, கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) நன்றாக இருந்தால், பின் கிளட்ச்சுக்குக் கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் போட்டாலே மேட்டில் வித்தியாசம் தெரியும்.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலாமல் தடுக்கும் கவர்னரைக் கழற்றிவிட்டால் வேகம் வரும் என்பார்கள். வரும்தான். கூடவே கனெக்டிங் ராட் முறிந்து எஞ்சின் பிளாக்கில் ஓட்டை போடும் நாளும் வரும்.

டயர் விஷயம் வேறு. 18 அங்குலத்தை எடுத்துவிட்டு 22 அங்குலம் போட்டவர்கள் கியரையே 22 சதவீதம் நீட்டிவிட்டார்கள். சக்கரத்தில் இழுவை சுமார் 18 சதவீதம் குறையும். உயரம் ஏற்றி, பெரிய டயர் போட்டு, காட்டுப்பாதையில் சுமை இழுக்கிறவருக்கு வி-ட்வின் நியாயமான செலவு.

அந்தச் செலவு எஞ்சின் விலையோடு நிற்பதில்லை. தாங்கும் தகடு, கிளட்ச் பொருத்த ஷாஃப்ட் அடாப்டர், புது சைலன்சர், வயரிங் எல்லாம் சேரும். பெடலை மிதித்தால் ஸ்டார்ட், விட்டால் ஆஃப் என்ற பழைய வசதியும் போய்விடும்; சாவி போட்டு ஐட்லிங்கில் விட வேண்டியதுதான்.

இதில் பலர் மறப்பது பிரேக். டிஎஸ்ஸில் பின் சக்கரங்களில் மட்டும் டிரம் பிரேக். 20 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்கினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. சட்டமும் குறுக்கே வரும்: 1998 முதல் அமெரிக்க விதிப்படி மணிக்கு 20 மைலை (32 கிலோமீட்டர்) தாண்டி 25 மைல் (40 கிலோமீட்டர்) வரை போகும் நாலு சக்கர வண்டி 'குறைவேக வாகனம்'. சீட் பெல்ட், கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம் வேண்டும்.

பராமரிப்பில் சின்ன எஞ்சினுக்கே என் ஓட்டு. ஒரு பிளக், ஒரு கார்புரேட்டர், வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில், வால்வ் இடைவெளி. எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை.