பதினாறு வயதில் வாசிக்க: அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’

மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பெரியவர்களின் நாவல் ஒன்றை வாங்கித் தர வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் பலரும் ராஜா ராணிக் கதைகளையோ துப்பறியும் கதைகளையோதான் சொல்கிறார்கள். நான் முதலில் சொல்வது 1977இல் வெளிவந்த ‘18வது அட்சக்கோடு’. சிறுவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நாவல் அன்று இது. ஆனால் பள்ளிப் பருவத்தின் முடிவிலும் கல்லூரியின் தொடக்கத்திலும் இருக்கும் ஒருவனுடைய மனம் எப்படிக் குழம்பும், எப்படி வெட்கப்படும், எப்படித் திடீரென்று வீரம் கொள்ளும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன தமிழ் நாவல்கள் மிகக் குறைவு.

கதை செகந்திராபாத்தில் நடக்கிறது. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற பின்னும் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேராமல் தனித்து நின்றது. 1948 செப்டம்பர் 13ஆம் தேதி இந்தியப் படை உள்ளே நுழைந்து ஐந்தே நாட்களில் அதற்கு முடிவு கட்டியது. இதற்கு இடைப்பட்ட ஓராண்டுக் காலம்தான் நாவலின் மையம். ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனான சந்திரசேகரன் லான்சர் பாரக்ஸ் குடியிருப்பில் வசிக்கிறான், கல்லூரிக்குப் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான். அசோகமித்திரன் 1931இல் அதே ஊரில் பிறந்தவர். கதை நடக்கும் நாட்களில் அவருக்கும் பதினாறு, பதினேழு வயதுதான். தெருக்களையும் ஆட்ட மைதானங்களையும் அவர் எழுதும் விதத்தில் அந்தப் பரிச்சயம் தெரிகிறது.

இளம் வாசகரை இந்த நாவல் பிடித்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம், வரலாறு இதில் பாடமாக வருவதில்லை என்பதே. நிஜாம், அவர் ஆட்சிக்கு ஆதரவாக ஆயுதம் ஏந்திய முஸ்லிம் தன்னார்வப் படையினரான ரஸாக்கர்கள், படை நடவடிக்கை என்பவையெல்லாம் சந்திரசேகரனின் கண்ணுக்கு எட்டிய அளவில்தான் நமக்குத் தெரிகின்றன. கூட விளையாடியவர்களின் பேச்சில் ஏறும் விறைப்பு, அண்டை வீட்டாரோடு குறைந்துகொண்டே வரும் புழக்கம், வகுப்புகளைப் புறக்கணிக்கலாமா கூடாதா என்ற தவிப்பு என்று ஒவ்வொன்றாக அவனை வந்து தொடும்போது, ஊர் மாறிக்கொண்டிருக்கிறது என்பதை அவனோடு சேர்ந்து வாசகரும் மெல்லக் கண்டுகொள்கிறார். கதை சில இடங்களில் ‘நான்’ என்றும் சில இடங்களில் ‘அவன்’ என்றும் மாறிச் சொல்லப்படுகிறது. தன்னையே உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும் அந்த வயதுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

சென்ற கோடை விடுமுறையில் பதினோராம் வகுப்பு முடித்திருந்த அக்கா மகளிடம் என் பிரதியைக் கொடுத்தேன். முதல் முப்பது பக்கங்களுக்குள் இரண்டு முறை கீழே வைத்துவிட்டாள். அதன் பிறகு இரண்டே நாட்களில் முடித்தாள். “மாமா, இவனுக்கு ஏன் எதிலயும் ஒரு முடிவுக்கு வரவே தெரியல?” என்று அவள் கேட்டபோது, சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறாள் என்று மகிழ்ந்தேன். நாவல் அதற்கு விடை தருவதில்லை, நானும் தரவில்லை.

குறைகள் என்று சொல்வதைவிட, தயார் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு என்று சொல்லலாம். சமஸ்தான அரசியல் முன்பே தெரிந்ததாக வைத்துக்கொண்டு ஆசிரியர் எழுதுகிறார். ஆகவே புத்தகத்தைக் கொடுக்கும்போது ஓர் இந்திய வரைபடத்தைக் காட்டி, ஹைதராபாத் எங்கே இருக்கிறது, யார் ஆண்டார்கள், மக்களில் பெரும்பான்மையினர் யார் என்பதைப் பத்து நிமிடம் பேசிவிடுவது நல்லது. தலைப்பில் உள்ள அட்சக்கோட்டையும் அப்போதே காட்டிவிடலாம். அது அந்த நகரத்துக்குச் சற்று வடக்கே செல்கிறது. ஆங்காங்கே வரும் உருதுச் சொற்களுக்கு ஓர் அருஞ்சொற்பட்டியல் கட்டாயம் தேவை. பதிப்பாளர்கள் அடுத்த பதிப்பிலாவது அதைச் சேர்த்தால் இளம் வாசகர்கள் தொடக்கத்திலேயே தயங்கி நிற்க மாட்டார்கள்.

கடைசிப் பக்கங்களைப் பற்றி மட்டும் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் தனியாகச் சொல்ல வேண்டும். கலவர இரவில், ஏறக்குறைய தன் வயதே உள்ள ஒரு பெண்ணின் முன் சந்திரசேகரன் நிற்க நேர்கிறது. தன் குடும்பத்தைக் காப்பாற்ற அவள் செய்யத் துணிவதைக் கண்டு அவன் அங்கிருந்து ஓடுகிறான். காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. கிளர்ச்சியூட்டும் நோக்கம் அதில் துளியும் இல்லை. ஆனால் படித்தவர் மனத்தை விட்டு அது எளிதில் நீங்காது. இதன் பொருட்டு நாவலை ஒளித்து வைப்பதையோ, அந்தப் பக்கங்களை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்வதையோ நான் ஏற்க மாட்டேன், ஏனெனில் அதுவரை வந்த அத்தனை பக்கங்களும் அந்த இரவை நோக்கித்தான் நடந்து வருகின்றன. பெரியவர் தாம் முதலில் படித்துவிட்டு, பதினைந்து வயது நிறைந்த பிறகு கொடுக்கட்டும். பிள்ளை முடித்த அன்று பக்கத்தில் இருக்கட்டும். அக்கா மகள் அன்று மாலை வெகுநேரம் எதுவும் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதுதான், அந்தப் பெண் அப்புறம் என்ன ஆகியிருப்பாள் என்று கேட்டாள்.