பனிச்சறுக்குத் தடம் சீரமைக்க: ஸ்னோமொபைலா, ஸ்னோகேட்டா?

கிராஸ்-கன்ட்ரி, அதாவது நெடுந்தூரம் சறுக்கிச் செல்லும் பனிச்சறுக்கின் தடத்தைச் சீரமைக்க, பனியில் ஓடும் பைக் போன்ற சிறு வண்டியான ஸ்னோமொபைலின் பின்னால் உருளையையும் தடம் பதிக்கும் கருவியையும் கட்டி இழுக்கலாம். அல்லது பிஸ்டன்புல்லி போன்ற பெரிய ஸ்னோகேட்டை, அதாவது அகன்ற சங்கிலிப் பட்டைகளில் ஓடும் கனரகப் பனி வண்டியை ஓட்டலாம்.

பனி மெல்லியதாக விழுந்திருந்தால் என் வாக்கு ஸ்னோமொபைலுக்கே. எடை குறைவு என்பதால் அடியிலுள்ள மண்ணை எளிதில் கிளறாது. மரங்களுக்கிடையே வளையும் ஒடுங்கிய பாதையிலும் நுழையும். விலையும் மிகக் குறைவு.

பனி உருகி மீண்டும் உறைந்து இறுகிவிட்டாலோ கதையே வேறு. ஸ்னோமொபைல் இழுக்கும் கருவியின் பற்கள் பெரும்பாலும் மேற்பரப்பைச் சுரண்டுவதோடு நின்றுவிடும். ஸ்னோகேட்டின் பின்னால் சுழலும் பற்கள் கொண்ட டில்லர் உருளை அந்த இறுகிய பனியை உடைத்துத் துகளாக்கி, இடையிலுள்ள காற்றை வெளியேற்றி அழுத்துகிறது. அத்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகச் சில மணி நேரம் வேண்டும். அதனால்தான் பல இடங்களில் மாலையிலோ இரவிலோ வேலையை முடித்துத் தடத்தைக் குளிரில் விட்டுவைக்கிறார்கள். அவசரப்பட்டு உடனே ஆட்களை இறக்கினால் எந்த இயந்திரத்தின் உழைப்பும் வீண்தான்!

கால்களைப் பக்கவாட்டில் உந்திச் செல்லும் ஸ்கேட்டிங் பாணிக்கு அகலமான, வரிவரியான தளம் வேண்டும். ஸ்னோகேட் அதையும், ஓரத்தில், கால்களை நேராக முன்னும் பின்னும் நகர்த்தும் கிளாசிக் பாணிக்கான இரட்டைப் பள்ளங்களையும் ஒரே ஓட்டத்தில் தந்துவிடும். ஸ்னோமொபைலில் பலமுறை போய்வர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் கனமான கருவியை இழுக்க முடியாமல் அது திணறுவதும் உண்டு.