ஸ்ட்ராண்ட்வாலென் அரங்கில் ஓர் ஆட்டம்: சிரமப்பட்டுப் போய்ப் பார்க்கத் தகுந்ததா?

ஸ்வீடனின் முதல்நிலைக் கால்பந்து லீகான ஆல்ஸ்வென்ஸ்கானில் 2025ஆம் ஆண்டு சாம்பியன் பட்டம் வென்ற மியெல்பி கழகத்தின் சொந்த மைதானம், நாட்டின் தெற்கே ப்ளேகிங்கெ கடற்கரையில், ஏறத்தாழ 800 பேர் மட்டுமே வாழும் ஹெல்லெவீக் என்ற மீன்பிடிக் கிராமத்தில் இருக்கிறது. மைதானத்தின் பெயர் ஸ்ட்ராண்ட்வாலென். ஏறத்தாழ 6,000 பேரைக் கொள்ளும் அந்த அரங்கில் நல்ல கூட்டம் சேரும் நாளில் கிராமத்தின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு மக்கள் அங்கே திரண்டிருப்பார்கள். சாம்பியன் அணியின் அரங்கு என்றதும் நாம் மனத்தில் வரைந்துகொள்ளும் வசதிகளை எதிர்பார்த்துச் செல்பவருக்கு இது ஏமாற்றமளிக்கும். ஒரு கழகத்தின் வரலாறு நடந்த இடத்திலேயே அமர்ந்து ஆட்டத்தைக் காண விரும்புபவருக்கோ, வட ஐரோப்பாவில் இதைவிடப் பொருத்தமான இடத்தை என்னால் எளிதில் பரிந்துரைக்க முடியவில்லை.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த அனுபவத்தின் மிகப் பலவீனமான பகுதி அதுதான். ஹெல்லெவீக்கிற்கு ரயில் கிடையாது. மால்மோவிலிருந்தோ கோபன்ஹேகனிலிருந்தோ வருபவர்கள் கார்ல்ஸ்க்ரூனா செல்லும் ரயிலில் ஏறி சோல்வெஸ்போரி நகரில் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ காரிலோ லிஸ்டர் தீபகற்பத்தின் வயல்களினூடே தென்கிழக்கே செல்லவேண்டும். மாலை ஆட்டமானால், திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்துக்கொண்ட பிறகே நுழைவுச்சீட்டை வாங்குவது புத்திசாலித்தனம். கிராமப்புறப் பேருந்துகள் ஆட்டம் முடியும்வரை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கார் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கோடையில் கூடாரமோ கேரவனோ கொண்டு வருபவர்கள் அருகிலேயே தங்கிவிடலாம், கடற்கரை அத்தனை பக்கத்தில் இருக்கிறது.

அரங்கைப் பொறுத்தவரை, 1953இல் திறக்கப்பட்ட இந்த மைதானம் அவ்வப்போது தேவைக்கேற்ப விரிவாக்கப்பட்டு வந்திருக்கிறதேயன்றி, ஒரே திட்டத்தில் எழுப்பப்பட்ட நவீனக் கட்டடம் அன்று. மாடங்கள் தாழ்வானவை. அவற்றின் பலன் என்னவென்றால், எந்த மூலையில் இருந்தாலும் பார்வையாளர் ஆடுகளத்திற்கு நெருக்கமாகவே இருக்கிறார். பயிற்றுநர் அதட்டுவதும், தடுப்பாட்டக்காரர்கள் ஒருவரையொருவர் அழைப்பதும், பந்து காலில் படும் ஓசையும் தெளிவாகக் கேட்கும். குறை என்னவென்றால், பால்டிக் கடலின் காற்றைத் தடுக்க அங்கே உயரமாக எதுவும் இல்லை. ஆல்ஸ்வென்ஸ்கான் பருவம் வசந்தத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பர் வரை நீள்வதால், தொடக்க, இறுதி வாரங்களில் செல்பவர்கள் காற்றுப் புகாத மேலங்கியை எடுத்துச் செல்லவேண்டும். அந்தக் காற்றில் உயரப் பந்துகள் எங்கே இறங்கும் என்பதை உள்ளூர் அணி மற்றவர்களைவிட நன்கு அறிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

இந்த இடத்தின் உண்மையான சிறப்பை உணர, வரலாற்றைச் சற்று அறிந்துகொண்டு செல்வது நல்லது. அந்த வட்டாரத்தின் இரண்டு சிறு கழகங்கள் 1939இல் இணைந்து உருவானதே இன்றைய மியெல்பி. நாற்பது ஆண்டுகள் கீழ்நிலை லீகுகளில் ஆடிய பிறகு 1980இல் முதன்முறையாக ஆல்ஸ்வென்ஸ்கானுக்குள் நுழைந்தது. அதே ஆண்டின் முடிவில் வெளியேறியது. 1983இலும் 1985இலும் மீண்டும் ஏறி, இரண்டு முறையும் ஒரே பருவத்தில் இறங்கியது. மூன்று முறை கதவைத் தட்டி மூன்று முறையும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட கழகம், நான்காவது வாய்ப்புக்காக 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அது வெறுமனே இருந்துவிடவில்லை. ஸ்வீடன் தேசிய அணிக்காக 2006 உலகக் கோப்பையில் ஆடிய கிறிஸ்தியன் வில்ஹெல்ம்சன் தன் தொடக்க ஆண்டுகளை இங்கேதான் கழித்தார். கோல்காப்பாளர் மத்தியாஸ் ஆஸ்பெர் இங்கிருந்து புறப்பட்டு ஸ்பெயினின் ரியல் சோசியெதாத் வரை சென்று, பின்னர் இந்தக் கழகத்திற்கே திரும்பி வந்தார்.

2010இல் தொடங்கிய காலமும் நிலைக்கவில்லை. 2014இல் முதல் நிலையிலிருந்தும், அடுத்த ஆண்டே இரண்டாம் நிலையிலிருந்தும் அணி சரிந்தது. மூன்றாம் நிலையில் வருமானம் குறைவு, தொலைக்காட்சிப் பணம் இல்லை, செலவோ எளிதில் குறைவதில்லை. அந்த ஆண்டுகளில் கழகம் பிழைக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. அப்போது தலைமைக்கு வந்த உள்ளூர்த் தொழில்முனைவோரும் நிர்வாகக் குழுவினரும் செய்தது கவர்ச்சியற்ற வேலை: கணக்கைச் சீர்செய்தார்கள், வரவுக்கு மேல் செலவழிக்க மறுத்தார்கள். 2018இல் இரண்டாம் நிலைக்கும், 2019இல் அந்த லீகை வென்று முதல் நிலைக்கும் அணி உயர்ந்தது. 2020இல் ஐந்தாம் இடம்.

2023 மே மாதத்தில் ஸ்வீடன் கோப்பையின் இறுதியாட்டம் இதே ஸ்ட்ராண்ட்வாலெனில் நடந்தது என்பது வெளிநாட்டு வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். நடுநிலை அரங்கில் அல்லாமல், இறுதிக்கு வந்த இரண்டு அணிகளில் ஒன்றின் மைதானத்தில் அந்த ஆட்டத்தை நடத்துவது அங்குள்ள வழக்கம். நாட்டின் கோப்பை இறுதியாட்டம் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்கு வந்தது. ஹேக்கன் அணி 4-1 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. அந்தத் தோல்வியைத் தொடர்ந்து வந்த பருவங்களில்தான் பட்டம் வென்ற அணி உருப்பெற்றது. 2025இல் பயிற்றுநராக இருந்த ஆண்டர்ஸ் தோர்ஸ்தென்சன் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர், இதே கழகத்திற்கு முன்பும் பயிற்சியளித்தவர், நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்த பிறகும் பொறுப்பில் தொடர்ந்தவர். அப்போது அவருடைய உதவியாளராக இருந்த கார்ல் மாரியுஸ் அக்சும் நார்வேக்காரர். பந்து வந்து சேருமுன் ஆட்டக்காரர் சுற்றுமுற்றும் எப்படிப் பார்க்கிறார் என்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். இந்த ஆய்வைப் படித்தறியத் தேவையில்லை, அரங்கில் பந்தை விட்டுவிட்டு நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் தலையை மட்டும் சில நிமிடங்கள் கவனித்தால் போதும். தொலைக்காட்சி காட்டாத இந்தக் காட்சிக்காகவே நேரில் செல்லலாம் என்பேன்.

2025 அக்டோபர் 20 அன்று கோதன்பர்க் நகரில் ஐ.எஃப்.கே. கோதன்பர்க் அணியை 2-0 என்று வீழ்த்தி, மூன்று சுற்றுகள் மீதமிருக்கும்போதே மியெல்பி பட்டத்தை உறுதிசெய்தது. பருவத்தின் முடிவில் 30 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி, 75 புள்ளிகள். ஆல்ஸ்வென்ஸ்கான் வரலாற்றில் எந்த அணியும் அத்தனை புள்ளிகளைப் பெற்றதில்லை. ஸ்வீடனில் சிறிய ஊர் ஒன்று பட்டம் வெல்வது இது முதன்முறை அன்று. 1972இலும் 1973இலும் ஓட்விடபெரி என்ற தொழில் ஊரின் அணி அடுத்தடுத்து வென்றது. ஆனால் அந்த அணியின் பின்னால் உலகெங்கும் கணக்கிடும் இயந்திரங்களை விற்ற ஃபசீத் நிறுவனம் இருந்தது; மின்னணுக் கால்குலேட்டர்களின் வரவால் அந்நிறுவனம் தளர, சில ஆண்டுகளில் அணியும் முதல் நிலையை இழந்தது. மியெல்பிக்கு அப்படியொரு ஒற்றைப் புரவலர் இல்லை என்பதே இரண்டையும் ஒப்பிடும்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கழகம் உறுப்பினர்களுக்குச் சொந்தமானது. ஸ்வீடனில் விளையாட்டுக் கழகங்களின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்ற விதி உண்டு, அதன் விளைவை ஆடுகளத்திலும் காணலாம். காணொளி நடுவர் முறையைப் பெரும்பாலான கழகங்களின் உறுப்பினர்கள் எதிர்த்ததால், ஸ்வீடன் கால்பந்துச் சங்கம் 2024இல் அதைக் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தது. ஆகவே கோல் விழுந்தால் அது அப்போதே கோல். கொண்டாட்டத்தைப் பாதியில் நிறுத்தித் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. நடுவரின் தவறுகள் கூடுதலாகவே கண்ணில் படும். இங்கிலாந்து லீகைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்தப் பேரம் லாபமானதாகவே தோன்றியது.

உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஸ்வீடன் மைதானங்களில் வழக்கமான ரொட்டிக்குள் வைத்த சாசேஜும் காப்பியும்தான் முக்கியம், சைவ உணவுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுச் செல்வது மேல். நாடு முழுவதும் ரொக்கப் பயன்பாடு மிகக் குறைந்துவிட்டதால் வங்கி அட்டை அவசியம். உள்ளூர் மக்கள் கைப்பேசியில் பயன்படுத்தும் ஸ்விஷ் செயலி ஸ்வீடன் வங்கிக் கணக்கு இல்லாத பயணிகளுக்கு உதவாது. ஆட்டத்துக்கு முன் நேரம் இருந்தால் ஹெல்லெவீக் துறைமுகத்தையும் அங்குள்ள மீன்பிடி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். இந்தக் கழகத்தை ஆண்டாண்டாகத் தாங்கிய மக்களின் தொழில் எது என்பது அங்கே விளங்கும்.

எந்த ஆட்டத்துக்குச் செல்வது என்று கேட்டால், மால்மோ போன்ற பெரிய அணி வரும் நாளை நான் பரிந்துரைக்கமாட்டேன். நுழைவுச்சீட்டு கிடைப்பது கடினம், வந்த அணியின் ரசிகர்கள் எழுப்பும் முழக்கமே அரங்கை நிறைத்துவிடும். கோடையில், வார இறுதியின் பகல்நேரத்தில், நடுத்தர அணி ஒன்றுக்கு எதிரான ஆட்டமே சரியான தேர்வு: வெளிச்சம் நீடிக்கும், காற்று சற்று அடங்கியிருக்கும், சோல்வெஸ்போரி திரும்பப் பேருந்தும் கிடைக்கும்.