ராமநாதபுரமா, மதுரையா: எந்த அரசு சட்டக் கல்லூரி?

கலந்தாய்வில் இரண்டுமே கைக்கெட்டினால் எதை எடுப்பது?

செலவு: இரண்டும் அரசுக் கல்லூரிகள், கட்டணம் பெரிதல்ல, அறை வாடகையும் மெஸ்ஸும்தான் கையைக் கடிக்கும். 2017-இல் தொடங்கிய ராமநாதபுரம் கல்லூரிக்கு அதே மாவட்டத்து முதுகுளத்தூர்ப் பிள்ளை தூக்குச்சட்டியோடு பஸ் ஏறி, இரவுச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். ராமநாதபுரத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய்வந்தால் புத்தகத்தைப் பிரிக்கத் தெம்பிருக்காது.

நீதிமன்றப் பழக்கம்: மதுரைக் கல்லூரி 1974-இல் வந்தது, 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளையும் அங்கே இருக்கிறது. ரிட் மனு, அதாவது அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, அதன் விசாரணையை நேரில் பார்க்கலாம். ராமநாதபுரத்தில் மாவட்ட நீதிமன்றம். சாட்சிகள் கூண்டேறுவது அங்கே என்பதால், எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேள்வியால் மடக்கும் குறுக்கு விசாரணையைக் கற்க அதுவே மேல் என்பேன்.

உயர் நீதிமன்றக் கனவென்றால் மதுரை, அதுவும் விடுதியில் இடம் கிடைத்தால். சொந்த ஊரிலேயே கறுப்புக் கோட்டு மாட்டப்போகிறவர்களுக்கும், தொலைவைக் காட்டி வீட்டில் தடுக்கப்படும் பெண்களுக்கும் ராமநாதபுரம்.