பழைய சித்ரோன் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு: ஹைட்ராலிக் பராமரிப்பு என்ற பெயரில் எனக்கு நடந்த மோசடி

பாரிஸின் வடக்குப் புறநகரில் உள்ள ஒரு கராஜில், என்னுடைய 1971-ஆம் ஆண்டு சித்ரோன் டி.எஸ். 21 காரின் ஹைட்ராலிக் அமைப்பை, அதாவது எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பகுதிகளை, முழுமையாகச் சீர்செய்து தருவதாகச் சொல்லி 1,640 யூரோ வாங்கினார்கள். அந்த அமைப்பில் உள்ள, வாயு அடைத்த ஆறு இரும்புக் கோளங்களும் மாற்றப்பட்டன என்றும், எண்ணெய் முழுவதும் புதிதாக நிரப்பப்பட்டது என்றும் பில்லில் எழுதியிருந்தார்கள். உண்மையில் ஒரு கோளமும் மாற்றப்படவில்லை, பழைய எண்ணெயும் வெளியே எடுக்கப்படவில்லை. அத்துடன் நிற்காமல், அந்த அமைப்புக்குள் ஒரு துளிகூடப் போகக் கூடாத சாதாரண பிரேக் திரவத்தையும் ஊற்றியிருந்தார்கள். காரை எடுத்து வந்த பதினோராம் நாள், ஒரு சுற்றுவட்டத்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஸ்டியரிங் கல்லாக இறுகியது. அடுத்த கணம் பிரேக் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. பின் இருக்கையில் என் மனைவியும் பேரனும் இருந்தார்கள்.

வழக்கு இன்னும் முடியாததால் அந்த கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே மூன்று தமிழ்க் குடும்பத்தினர், திருமண ஊர்வலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கும் என்று இவ்வகைக் கார்களை வாங்கியிருக்கிறார்கள். அவர்களும் இதே வலையில் விழக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இந்தக் காரில் ஹைட்ராலிக் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மற்றக் கார்களில் பிரேக்குக்கு ஒரு திரவம், ஸ்டியரிங்குக்கு வேறோர் எண்ணெய், சக்கரங்களைத் தாங்க இரும்புச் சுருள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். 1955 அக்டோபரில் பாரிஸ் கார்க் கண்காட்சியில் டி.எஸ். முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, போல் மாஜெஸ் என்ற பொறியியலாளர் வகுத்த வழியில் இவை அனைத்தும் ஒரே அமைப்புக்குள் வந்துவிட்டன. ஏழு பிஸ்டன் கொண்ட ஒரு பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. அழுத்தம் ஏறத்தாழ 170 பாரை (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) எட்டியதும், அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பம்பின் வேலையை நிறுத்துகிறது. 145 பார் அளவுக்கு இறங்கியதும் மீண்டும் தொடங்குகிறது. நம் சாதாரணக் காரின் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும். காரைத் தாங்குவதும், ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுவதும், பிரேக்கை அழுத்துவதும், என் கார் போன்றவற்றில் கியரை மாற்றுவதும் இந்த ஒரே எண்ணெய்தான்.

கோளம் என்று நான் சொல்வது, பந்து வடிவிலான இரும்புக் கலன். அதன் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். சவ்வுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறு பக்கம் எண்ணெய். அந்த வாயுதான் இந்தக் காரின் சுருள்வில். நான்கு சக்கரங்களுக்கு நான்கு கோளங்கள், பிரதான அழுத்தத்தைச் சேமித்து வைக்க ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று என் காரில் ஆறு உள்ளன. முன் சக்கரக் கோளத்தில் 59 பார், பின் சக்கரக் கோளத்தில் 26 பார், பிரதான சேமிப்புக் கோளத்தில் 65 பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அளவு உண்டு. ரப்பர் சவ்வின் வழியே வாயு ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிந்து போகும். அது குறை அல்ல, இயல்பு. அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்து, வாயுவை நிரப்பவோ கோளத்தை மாற்றவோ வேண்டியிருக்கிறது.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் என் கார் கெட்டதற்குக் காரணமே அதுதான். தொடக்க காலத்து டி.எஸ். கார்களில் பிரேக் திரவத்தின் இனத்தைச் சேர்ந்த திரவம் பயன்பட்டது. பின்னாளில் அது சிவப்பு நிறத்தில் வந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர உள்ளிருக்கும் உலோகப் பாகங்கள் துருப்பிடிக்கும். இதற்குத் தீர்வாக 1966 செப்டம்பர் முதல் எல்.எச்.எம். என்ற பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு நிறுவனம் மாறியது. அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் மட்டும் மாற்றம் சில ஆண்டுகள் தாமதமாக வந்தது. பச்சை எண்ணெய்க் கார்களின் ஹைட்ராலிக் பாகங்களுக்கும் அடையாளமாகப் பச்சை நிறமே பூசினார்கள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களும் வேறு வகைக்கு மாறின. பச்சை எண்ணெய்க்கான வளையங்கள் பிரேக் திரவம் பட்டால் ஊறி உப்பிவிடும். சிவப்புத் திரவத்துக்கான வளையங்கள் பச்சை எண்ணெயைத் தாங்கா. ஒன்றுக்கு ஒன்று மாற்று என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. அதே நிறுவனத்தின் பிற்காலத்து சே-5 (C5) கார்களுக்கு வந்த எல்.டி.எஸ். என்ற ஆரஞ்சு நிற எண்ணெயும் இந்தப் பழைய கார்களுக்கானது அல்ல.

இனி நடந்ததற்கு வருகிறேன். காரின் பின்பக்கம் ஒவ்வொரு மேட்டிலும் தூக்கி எறிவதுபோல் இருந்ததால் கோளங்களுக்கு வயதாகிவிட்டது என்று எனக்கே தெரிந்திருந்தது. அந்த கராஜின் உரிமையாளர் நயமாகப் பேசினார். சுவரில் பழைய கார்களின் படங்களை மாட்டியிருந்தார். 1962-இல் பாரிஸுக்கு அருகே பெத்தி-கிளமாரில் பிரெஞ்சு ஜனாதிபதி தெ கோல் மீது சுட்டபோது, டயர்கள் துளைக்கப்பட்ட நிலையிலும் அவருடைய டி.எஸ். நிற்காமல் ஓடித் தப்பிய வரலாற்றை நின்றபடியே கால் மணி நேரம் சொன்னார். வரலாறு சரியானதுதான், அதைச் சொல்லத் தெரிந்தவருக்கு ரெகுலேட்டரைக் கழற்றவும் தெரிந்திருக்கும் என்று நான் எண்ணியதுதான் பிழை. பாகம் பாகமாக விலை எழுதிய மதிப்பீட்டை நான் கேட்கவில்லை. கழற்றும் பழைய கோளங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கவும் இல்லை. முழு ஹைட்ராலிக் பராமரிப்பு என்ற ஒற்றை வரிக்குக் கீழே கையெழுத்திட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் காரை எடுக்கப் போனபோது, எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார்கள். கோளங்கள் பளபளவென்று பச்சையாக இருந்தன. வீட்டுக்கு வரும் வழியிலேயே முன்பக்கம் சற்று மென்மையாகியிருந்ததும், பின்பக்கம் பழையபடியே இருந்ததும் தெரிந்தது. அதைவிட முக்கியமாக ஓர் ஒலி கேட்டது. கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது ரெகுலேட்டர் 'டிக்' என்று ஓர் ஒலி எழுப்பும். நல்ல நிலையிலுள்ள காரில் ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையே அரை நிமிடத்துக்கு மேலாவது செல்ல வேண்டும். என் காரில் நான்கு நொடிக்கு ஒரு முறை கேட்டது. பிரதான சேமிப்புக் கோளத்தில் வாயு இல்லையென்றால் அழுத்தத்தைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. அதனால் பம்ப் ஓயாமல் மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும். தொலைபேசியில் கேட்டதற்கு, புதிய கோளங்கள் 500 கிலோமீட்டர் ஓடினால்தான் படியும் என்றார் உரிமையாளர். கோளத்தில் படிவதற்கு எதுவுமே இல்லை என்பதை அன்று நான் அறியவில்லை.

சுற்றுவட்டத்தில் நின்ற காரை இழுவை வண்டியில் ஏற்றி, நண்பர் ஒருவர் சொன்ன முதிய மெக்கானிக்கிடம் கொண்டு சென்றேன். இளமையிலிருந்து இந்தக் கார்களிலேயே கை பழகியவர். இப்போது தம் வீட்டுக் கொட்டகையில் மட்டும் வேலை செய்கிறார். அவர் ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை. டார்ச் விளக்கை அடித்து, கோளம் வந்து பொருந்தும் இடத்தைக் காட்டினார். கோளத்தில் தொடங்கிய பச்சைப் பெயிண்ட், பொருத்தும் இடத்தைத் தாண்டி அடுத்த பாகத்தின்மேலும் விரிசலோ கீறலோ இல்லாமல் தொடர்ந்து ஓடியது. பெயிண்டுக்கு அடியில் பழைய சேறு உலர்ந்து மணல்மணலாக ஒட்டியிருந்தது. கழற்றாமலேயே காரில் வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை. நான்கு கோளங்கள் இப்படி இருந்தன. முன் சக்கரக் கோளங்கள் இரண்டை மட்டும் கழற்றி, உள்ளே இருந்த பழைய சவ்வோடே வாயு நிரப்பியிருந்தார்கள். பிரதான சேமிப்புக் கோளத்தை அவர் அளவு கருவியில் வைத்தபோது முள் அசையவே இல்லை.

பிறகு எண்ணெய்த் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எடுத்து ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றி மேசைமேல் வைத்தார். மறுநாள் காலையில் நான் போனபோது சீசாவில் இரண்டு அடுக்குகள் தெளிவாகப் பிரிந்து நின்றன. மேலே கருத்துப்போன பச்சை, கீழே தேன் நிறம். பிரேக் திரவம் கனிம எண்ணெயோடு கலக்காது. அதைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். பம்ப் தொட்டியின் அடிப்பகுதியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. ஆகவே, மேலே பார்ப்பதற்குப் பச்சையாகத் தெரிந்தாலும், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் போய்க்கொண்டிருந்தது பெரும்பாலும் அந்தத் தேன் நிறத் திரவம்தான். வேலையின்போது சிந்திய எண்ணெய்க்கு ஈடாகக் கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள் என்றார் அவர். பிரேக் வால்விலிருந்து எடுத்த ரப்பர் வளையத்தைப் புதிய வளையத்துக்குப் பக்கத்தில் என் உள்ளங்கையில் வைத்தார். ஊறிய கொண்டைக்கடலையும் ஊறாததும்போல் இருந்தன. நகத்தால் அழுத்தினால் பழையது பிசுபிசுத்தது. தொட்டியின் வடிகட்டி வலைகளில் கரிய பசை அப்பியிருந்தது. இந்தக் காரின் வால்வுகள் பல, வளையமே இல்லாமல் உலோகத்தோடு உலோகம் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பொருந்தி வேலை செய்பவை. அவற்றுக்கு இடையே இந்தப் பசை போனால் என்ன ஆகும் என்று அவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரைச் சரிசெய்ய 4,300 யூரோ ஆயிற்று. எல்லாக் குழாய்களையும் பிரித்துக் கழுவி, பிரேக் வால்வு, கியர்ப் பகுதி, காரின் உயரத்தைச் சீராக வைக்கும் சீராக்கிகள் ஆகியவற்றின் வளையங்களை மாற்றி, எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வரும் ரப்பர்க் குழாய்களை மாற்றி, இந்த முறை உண்மையாகவே ஆறு கோளங்களையும் மாற்றினோம். இரண்டரை மாதம் கார் கொட்டகையிலேயே கிடந்தது. என் மகளின் திருமணத்துக்கு அதில் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தேன், அது நடக்கவில்லை.

பணத்தைத் திரும்பப் பெறும் வழியைப் பொறுத்தவரை, பிரெஞ்சு நீதிமன்றத் தீர்ப்புகள் வாடிக்கையாளருக்கு ஓரளவு சாதகமாகவே உள்ளன. கராஜ் தான் செய்த வேலையின் விளைவுக்குப் பொறுப்பு. தான் கைவைத்த பகுதியில் பழுது வந்தால், பிழை தன்னுடையது அல்ல என்று காட்ட வேண்டியது கராஜ்தான். நான் முதலில் ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் வராததால் நிபுணர் ஒருவரை அமர்த்தி, ஆய்வு நடக்கும் நாளையும் இடத்தையும் குறிப்பிட்டு கராஜுக்கும் பதிவுத் தபாலிலேயே அழைப்பு அனுப்பினேன். அவர்கள் வரவில்லை, ஆனாலும் முறைப்படி அழைத்ததற்கான சான்று என்னிடம் இருக்கிறது. நீதிமன்றம் போவதற்கு முன் பேசித் தீர்க்க முடியுமா என்று பார்க்க, கட்டணம் வாங்காத நீதிமன்றச் சமரசரிடம் போனோம். என்னிடம் வாங்கிய 1,640 யூரோவைத் திருப்பித் தர அங்கே ஒப்புக்கொண்டு தந்துவிட்டார்கள். பழுதுபார்த்த செலவைத் தர மறுத்ததால் அது நீதிமன்றத்தில் இருக்கிறது.

இவ்வகைக் காரை வேலைக்கு விடுபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு கோளத்தையும் அதன் அளவையும் தனித்தனி வரியாக எழுதிய மதிப்பீடு வாங்குங்கள். கழற்றிய கோளங்களையும் வடித்த எண்ணெயையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்று வேலை ஆணையிலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். இதற்குத் தயங்குபவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். எடுக்கப் போகும்போது அவசரப்படாமல் எஞ்சினை ஓடவிட்டு, கார் எழுந்து நின்றதும் கடிகாரத்தைப் பார்த்தபடி டிக் ஒலிகளை எண்ணுங்கள். பிறகு முன்னும் பின்னும் பம்பரைக் கையால் அழுத்துங்கள். மெத்தைபோல் இறங்கி எழ வேண்டும், சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தால் அந்தக் கோளத்தில் வாயு இல்லை. காரின் உயரத்தை மாற்றும் நெம்புகோலை மேல்நிலையில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே எண்ணெயின் மட்டத்தைப் பாருங்கள். காரின் அடியில் மட்டும் குனிந்து போய்விடாதீர்கள். உறுதியான தாங்கி இல்லாத நிலையில், அழுத்தம் போன நொடியில் கார் முழு எடையோடு தரைக்கு இறங்கிவிடும்.

ஏற்கெனவே எங்கேனும் வேலைக்கு விட்டு எடுத்து வந்தவர்கள், எஞ்சினை இயக்காமல் ஓர் இரவு காரை நிற்கவிட்டு, மெல்லிய குழாயால் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். 1966-க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்கப்பட்ட காராக இருந்து, காகிதத்தில் பச்சையைத் தவிர வேறு நிறம் தெரிந்தால், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போக வேண்டாம். எஞ்சினைத் தொடவே வேண்டாம். எடுத்ததை ஒரு சீசாவில் மூடித் தேதி எழுதி வைத்துவிட்டு, இழுவை வண்டிக்காரரை அழைத்து, கார் எழும்பாது, தரையோடு படிந்திருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற பலகைகளோடு வருவார்.