நாய் விரட்டும் ஒலிக்கருவி: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பக்கத்து வீட்டு நாய் நாள்தோறும் காலையில் அவிழ்த்துவிடப்பட்டு, பள்ளிக்குக் கிளம்பும் என் மகளின் சைக்கிளைத் துரத்தத் தொடங்கியதால், கையடக்கமான மீயொலிக் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். மனிதர்களால் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்க முடியும். நாய்களுக்கு அதைக் காட்டிலும் அதிக அதிர்வெண் கொண்ட ஒலிகளும் கேட்கும் என்பதே இக்கருவியின் அடிப்படை.

முதல் வாரத்தில், பொத்தானை அழுத்தியதும் நாய் திகைத்து நின்று, காதுகளை மடக்கிக்கொண்டு திரும்பிச் சென்றது. மூன்றாம் வாரத்தில் அந்த ஒலி அதற்குப் பழகிவிட்டது. பத்தடி தூரத்தில் நின்று குரைத்ததே தவிர விலகவில்லை. பேட்டரியும் விரைவில் தீர்ந்துவிடுகிறது. வெறிநாய்க்கடி எவ்வளவு கொடியது என்பதை அறிந்த எவரும் குழந்தையின் பாதுகாப்பை இத்தகைய கருவியிடம் ஒப்படைக்க மாட்டார்கள்.

இறுதியில் பயன்பட்டது நாயை வளர்ப்பவருடனான நேரடிப் பேச்சுதான். வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் சொன்னேன். ஆனால், மகள் அழுததைச் சொன்னபோதுதான் அந்த அண்ணன் மனம் இளகினார். நாயின்மீது எனக்குக் கோபமில்லை. நாளெல்லாம் கட்டிக்கிடக்கும் நாய் அவிழ்த்ததும் ஓடத்தான் செய்யும். இப்போது அவரே காலையில் அதைச் சங்கிலியுடன் நடத்திச் செல்கிறார்.

அறிமுகமில்லாத தெருவில் நடப்போருக்குக் கருவி ஓரளவு உதவலாம். தினமும் வரும் நாய்க்கு இதை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.