ஸ்பிங்க்ஸ் சிலை செட்: கீஸாவுக்காக வாங்காதீர்கள், புழுவுக்காக வாங்கலாம்

மேசையில் வைக்கிற அளவில் ஐந்து ரெசின் உருவங்கள், ஒரே பெட்டியில். ஸ்பிங்க்ஸ் என்றால் சிங்க உடம்பும் பெரும்பாலும் மனிதத் தலையும் கொண்ட கற்பனை உருவம். எகிப்தில் கீஸாவின் பெரிய ஸ்பிங்க்ஸ், எகிப்தை ஆண்ட ஹட்ஷெப்சுட் அரசியின் ஸ்பிங்க்ஸ், கிரேக்கத்தின் நக்ஸோஸ் ஸ்பிங்க்ஸ், ருமேனியாவின் புச்செஜி மலையில் ஸ்பிங்க்ஸ் என்றே சொல்லப்படும் ஒரு பாறை, கடைசியாக ஒரு பச்சைப் புழு. புழு எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இந்தப் பெட்டியில் உருப்படியான சரக்கே அதுதான். பல பெயர்களில் இதே செட் விற்கிறது, எல்லாம் ஒரே அச்சு என்று படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் எந்தப் பெயரில் வாங்கினாலும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

முதலில் கீஸா, ஏனென்றால் பெட்டி அட்டையில் அதைப் போட்டுத்தான் விற்கிறார்கள். சுமார்தான். நிஜச் சிலை 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம், அந்த உடம்புக்குத் தலை சின்னது. நேரில் பார்ப்பவர்களுக்கும் படத்தில் பார்ப்பவர்களுக்கும் முதலில் கண்ணில் படுவதே அந்தப் பொருத்தமின்மைதான். தயாரித்தவருக்கு அது பிழையாகத் தெரிந்திருக்க வேண்டும், தலையைப் பெரிதாக்கி 'சரி' செய்துவிட்டார். வாலை வேறு இடப்பக்கம் சுற்றி வைத்திருக்கிறார்கள், அது வலப்பக்கத் தொடையை ஒட்டி வளைந்திருக்க வேண்டும். மூக்கு முழுசாக இருக்கிறது. சரி, புதிதாக இருந்த கோலத்தைக் காட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிடலாம்தான், ஆனால் அப்படியென்றால் உடம்பு முழுக்க ஏன் அரிப்புக் கோடுகள்? முகத்தில் இன்றும் தடம் மிச்சமிருக்கும் அந்தச் சிவப்பு வண்ணம் எங்கே? தாடி எங்கே? (தாடியின் துண்டுகள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்திலும் கெய்ரோவிலும் இருக்கின்றன.) பழசாகவும் இல்லை, புதுசாகவும் இல்லை.

அந்த அரிப்புக் கோடுகளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கீஸா ஸ்பிங்க்ஸ் எங்கிருந்தோ கல் கொண்டுவந்து அடுக்கிய சிலை இல்லை. சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன்னால், காஃப்ரே மன்னன் காலத்தில் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள், அங்கேயே இருந்த சுண்ணாம்புப் பாறையைச் சுற்றிலும் வெட்டியெடுத்து நடுவில் விட்டதைச் செதுக்கினார்கள். வெட்டிய கல் முன்னாலிருக்கும் கோயிலுக்குப் போனது. அந்தப் பாறை ஒரே சீராக இல்லை. அடியில் கெட்டியான அடுக்கு, உடம்பு முழுக்க மெதுவும் கெட்டியுமாக மாறி மாறி வரும் அடுக்குகள், தலைக்கு மறுபடி நல்ல கல். அதனால்தான் மார்பும் விலாவும் உள்வாங்கி வெளிவந்து வரிவரியாக அரித்துக் கிடக்கும்போது முகம் ஓரளவு தப்பித்தது. இவர்களோ நெற்றியிலிருந்து பாதம் வரைக்கும் ஒரே மாதிரி கோடு கீறி வைத்திருக்கிறார்கள், சீப்பால் இழுத்த மாதிரி. ஒரு நல்ல போட்டோவை ஐந்து நிமிஷம் பார்த்திருந்தால் போதும். முன்னங்கால்களுக்கு நடுவே பின்னால் வந்த நான்காம் துட்மோஸ் மன்னன் வைத்த கல்வெட்டுப் பலகையை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு நன்றி.

கூடவே வரும் கையேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெப்போலியன் படை பீரங்கியால் மூக்கை உடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். நெப்போலியன் எகிப்துக்கு வந்தது 1798இல். நார்டன் என்ற டென்மார்க்காரர் 1737இலேயே வரைந்து, 1755இல் அச்சான படத்தில் ஸ்பிங்க்ஸுக்கு மூக்கு கிடையாது. அதற்கும் முன்னால், 15ஆம் நூற்றாண்டில், அல்-மக்ரீஸி என்ற வரலாற்றாசிரியரே முகம் சிதைக்கப்பட்டதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இது போதாதென்று, 'காலையில் நான்கு கால், மதியம் இரண்டு கால், மாலையில் மூன்று கால்' விடுகதையைக் கீஸா சிலையின் வாயில் போட்டிருக்கிறார்கள். அது கிரேக்கத் தீப்ஸ் நகரத்துக் கதை, ஈடிபஸ் பதில் சொன்னது. எகிப்திலும் தீப்ஸ் என்று ஒரு நகரம் இருந்ததால், இன்றைய லக்ஸர், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் போல. எகிப்து ஸ்பிங்க்ஸ் யாரையும் வழிமறித்துக் கேள்வி கேட்டதில்லை, அது அரசனின் உருவம், காவல். மனிதரைத் தின்னும் பெண் முகமும் இறக்கையும் கிரேக்கர்களுடையது.

ஹட்ஷெப்சுட் பரவாயில்லை. பரவாயில்லை என்றால், கீஸாவைச் செய்த அதே ஆளா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நன்றாக இருக்கிறது. மூலச்சிலை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது, சிவப்பு கிரானைட், 7 டன்னுக்கு மேல் எடை. அரசி இறந்த பிறகு மூன்றாம் துட்மோஸ் காலத்தில் அவள் சிலைகளை உடைத்து டெய்ர் எல்-பஹ்ரி கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளத்தில் தள்ளினார்கள், 1920களில் தோண்டியெடுத்து ஒட்டினார்கள். மாடலில் அந்த ஒட்டுத் தழும்புகள் மெல்லிய கோடாக, கோணல்மாணலாகத் தோளிலும் உடம்பிலும் ஓடுகின்றன. பெண் அரசிக்கும் அரசர்களுக்குரிய கட்டுத்தாடி உண்டு, சரியாக வைத்திருக்கிறார்கள். ரெசினில் கறுப்புப் புள்ளி தூவி கிரானைட் மாதிரியே கொண்டுவந்திருக்கிறார்கள்.

நக்ஸோஸ் ஸ்பிங்க்ஸ் அழகு. கி.மு. 560 வாக்கில் நக்ஸோஸ் தீவுக்காரர்கள் டெல்ஃபி என்ற கிரேக்கப் புனிதத் தலத்துக்குக் கொடுத்த காணிக்கை, பளிங்குக் கல், 2.22 மீட்டர். ஆனால் அதை ஒரு தூண் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள், மொத்த உயரம் 12 மீட்டருக்கு மேல் வரும். இங்கே தூண் கிடையாது, தூணின் உச்சியில் இருக்கும் சுருள் வேலைப்பாட்டுத் தலைப்பகுதி மட்டும் பீடமாக வருகிறது. தூணும் சேர்த்தால் பெட்டிக்குள் அடங்காது, புரிகிறது. மார்பில் இறகுகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள், இறக்கையின் வளைவு பின்னாலிருந்து பார்த்தாலும் சரியாக இருக்கிறது. பேக்கிங்தான் சொதப்பல். ஐந்துக்கும் ஒரே மாதிரி குழி வெட்டின ஸ்பாஞ்சு, அதில் மெல்லிய இறக்கை நுனி எப்படித் தாங்கும்? எனக்கு வந்ததில் உடைந்துதான் இருந்தது. விற்றவர்கள் வேறு அனுப்பினார்கள், முணுமுணுக்காமல், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது புழு. கையேட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அநியாயம். ஹாக் மாத் என்று சொல்லும் அந்துப்பூச்சிக் குடும்பத்தின் புழுக்கள் பலவும், தொந்தரவு செய்தால் உடம்பின் முன்பாதியை நிமிர்த்தித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். அந்த இருப்பு ஸ்பிங்க்ஸ் மாதிரியே இருப்பதால் லின்னேயஸ் 1758இல் அந்தப் பேரினத்துக்கு ஸ்பிங்க்ஸ் என்றே பெயர் வைத்தார். பெட்டியில் இருப்பது ஸ்பிங்க்ஸ் லிகஸ்ட்ரி, ஐரோப்பாவில் பிரிவெட் செடியில் வளர்வது. பக்கத்துக்கு ஏழு சாய்ந்த கோடுகள், ஒவ்வொன்றும் மேலே ஊதா, கீழே வெள்ளை. எண்ணிப் பார்த்தேன், ஏழும் இருக்கின்றன, ஊதா மேலேதான் இருக்கிறது. பின்னால் வளைந்த கறுப்புக் கொம்பு. நிஜமான ஆறு கால்களும் மார்போடு மடங்கியிருக்க, பின்னாலிருக்கும் சதைக்கால்கள் மட்டும் குச்சியைக் கவ்வியிருக்கின்றன. பக்கவாட்டில் மூச்சுத் துளைகளைக்கூட விடவில்லை. இதைச் செய்தவர் புழுவை உட்கார்ந்து பார்த்தவர், சத்தியமாகச் சொல்லலாம்.

புச்செஜி பாறையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் ஒரு சாம்பல் நிறக் கட்டி, அவ்வளவுதான். ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். மெல்லச் சுழற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் வந்து நிற்கும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் போய்விடும். நிஜப் பாறையும் அப்படித்தான், 2200 மீட்டருக்கு மேலே, காற்றும் மழையும் செதுக்கியது. இதைக் கீஸாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறது கையேடு, அந்த யோசனை நல்ல யோசனை. பாலைவனத்தில் காற்று கெட்டியான பகுதியை விட்டுவிட்டு மெதுவானதை அரிக்கும்போது படுத்த விலங்கு போன்ற மேடுகள் உருவாகும், அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் எகிப்தியர்களுக்கு யோசனை வந்திருக்கும் என்று ஃபரூக் எல்-பாஸ் என்ற நிலவியலாளர் முன்பே சொன்னார். 2023இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் களிமண் மேட்டுக்குள் கெட்டியான ஒரு துண்டை வைத்து நீரோட்டத்தில் விட்டுப் பார்த்தார்கள், கெட்டித் துண்டு தலையாக நிற்க, படுத்த சிங்கம் போன்ற உருவம் கிடைத்தது. அதற்காகக் கீஸாவைக் காற்றே செய்துவிட்டது என்று யாரும் கிளம்ப வேண்டாம், சுற்றிலும் வெட்டிய அகழியும் உளித் தடமும் அங்கேயே இருக்கின்றன.

துருக்கியில் ஹட்டூசா என்ற பழைய நகரத்தின் வாயில் ஸ்பிங்க்ஸோ, இந்தியக் கோயில்களில் மனிதத் தலையும் மிருக உடம்புமாக இருக்கும் புருஷாமிருகமோ, எகிப்தின் கர்னாக் கோயிலில் இருக்கும் ஆட்டுத்தலை ஸ்பிங்க்ஸ் வரிசையோ இல்லை. எகிப்துக்கு இரண்டு இடம் கொடுத்ததற்குப் பதில் ஒன்றை இவற்றில் ஏதாவதுக்குக் கொடுத்திருக்கலாம், அதுவும் அந்தக் கீஸாவின் இடத்தை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். சில விற்பனையாளர்கள் உருவங்களைத் தனித்தனியாகவும் தருகிறார்கள். அப்படிக் கிடைத்தால் நக்ஸோஸும் புழுவும் போதும், பாறை உங்கள் இஷ்டம். நக்ஸோஸுக்கு மட்டும் தனியாகப் பபிள் ராப் சுற்றி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்கிறார்கள்.